எக்கோ ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது?

இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவரில் பிறவியிலேயே வரும் ஓட்டை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இது ‘ஏ.எஸ்.டி.’ என்று இருக்கும். பதில் சொல்பவர்கள்: இதயநோய் மருத்துவர் குழு.

கேள்வி: குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. பிறந்த அன்று மூச்சு வேகமாக இருந்ததால் எக்கோ எடுத்தார்கள். 4 மி.மீ. ஓட்டை இருக்கிறது, ஒரு வயதில் திரும்ப வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூச்சு இப்போது சரியாகிவிட்டது. ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு வருடம் எப்படிச் சும்மா இருப்பது? அஞ்சாம் மாத ஸ்கேனில் ஏன் சொல்லவில்லை? குழந்தையை அழவிடவே கூடாது என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, தேனி

ஸ்கேன் எடுத்தவர் மேல் தப்பில்லை. வயிற்றில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த இடம் திறந்துதான் இருக்கும். நுரையீரல் இன்னும் வேலை தொடங்காத நிலையில், நஞ்சுக்கொடி வழியாக வரும் நல்ல ரத்தம் வலது மேலறையிலிருந்து நேராக இடது மேலறைக்குப் போக அந்த வழி வேண்டும். அதனால் இந்த வகை ஓட்டையை அஞ்சாம் மாதத்தில் உறுதியாகச் சொல்லவே முடியாது. கீழறைகளில் உள்ள பெரிய ஓட்டை, வால்வுக் கோளாறு போன்றவற்றைத்தான் அந்த ஸ்கேன் பிடிக்கும்.

பிறந்து மூச்சு இழுத்ததும் இடப்பக்க அழுத்தம் ஏறும். மெல்லிய சவ்வு ஒன்று, ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல அந்த வழியின் மேல் சாய்ந்து மூடிக்கொள்ளும். பிறகு மெல்ல ஒட்டும். பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்கு அது கடைசிவரை முழுதாக ஒட்டுவதில்லை. அதற்கு ‘பி.எஃப்.ஓ.’ என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சவ்விலேயே சதை குறைந்து நிஜமாகவே துளை இருந்தால்தான் ஏ.எஸ்.டி. 20 நாள் குழந்தையிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒரு வயதில் வரச் சொன்னது அதனால்தான், உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை.

பிறந்த புதிதில் காணப்படும் 3 மி.மீ.க்குக் குறைந்த துளைகள் ஏறக்குறைய எல்லாமே தானாக மூடிவிடும். 3 முதல் 8 மி.மீ. வரை உள்ளவற்றிலும் பெரும்பாலானவை ஒன்றரை வயதுக்குள் மூடும். 8 மி.மீ.க்கு மேல் என்றால் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. மூடுவதற்கு மருந்து, மாத்திரை, டானிக் எதுவும் கிடையாது. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

அழட்டும். அழுவதால் ஓட்டை பெரிதாகாது. தடுப்பூசிகள் எல்லாவற்றையும் உரிய தேதியில் போடுங்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதி வையுங்கள், அது போதும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு நிமிடம் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துவது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவை இருந்தால் ஒரு வயதுவரை காத்திருக்க வேண்டாம். 4 மி.மீ. மேலறை ஓட்டை பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு தொல்லை கொடுக்காது. கீழறைச் சுவரில் ஓட்டையோ, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய, ஆனால் மூடாத ரத்தக்குழாயோ வேறு ஏதோ கூட இருக்கிறது என்று அர்த்தம். நாக்கும் உதடும் நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, 18 கிலோ. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று அனுப்பி, எக்கோவில் 14 மி.மீ. ஏ.எஸ்.டி. என்று வந்திருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ஏன் மூட வேண்டும்? தொடை வழியாக டிவைஸ் வைப்பார்கள் என்கிறார்கள். அது என்ன, எப்படி வைப்பார்கள், செலவுக்கு என்ன வழி?
– வாசகர், அரியலூர்

பெற்றோர் எல்லோரும் ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: வலது மேலறை, வலது கீழறை விரிந்திருக்கிறதா? அந்த வரியை மருத்துவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மகளின் சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுதான்.

காரணம் இது. மேலறைகள் இரண்டுக்கும் அழுத்த வித்தியாசம் மிகக் குறைவு. ஓட்டை வழியே எவ்வளவு ரத்தம் பாயும் என்பதை ஓட்டையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தக் கீழறை சுலபமாக விரிந்து கொடுக்கிறதோ அந்தப் பக்கம் ரத்தம் போகும். பிறந்த குழந்தைக்கு வலது கீழறைச் சுவரும் இடதைப்போலத் தடிமனாக இருக்கும். அதனால் பெரிய ஓட்டை இருந்தாலும் பாய்ச்சல் குறைவு, சத்தமும் கேட்காது. வளர வளர வலது கீழறை மெலிந்து இளகும். அப்போதுதான் சுத்தமான ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல், ஓட்டை வழியாக வலப்பக்கம் திரும்பி, மறுபடி நுரையீரலுக்கே போகும். பள்ளி வயதில் கண்டுபிடிக்கப்படுவது இதனால்தான்.

உடம்புக்கு 1 லிட்டர் போகும்போது நுரையீரலுக்கு ஒன்றரை லிட்டரோ அதற்கு மேலோ போகிறது என்றால் வலப்பக்கம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கித் தாங்கி விரியும். குழந்தைகளின் இதயம் இதை வருடக்கணக்கில் முகம் சுளிக்காமல் தாங்கும். பரிசு வாங்குவதும் வலப்பக்கம் விரிவதும் ஒரே நேரத்தில் நடக்கும். 30, 40 வயதில்தான் கணக்கு வரும்: படபடப்பு, மூச்சிரைப்பு, சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் நிரந்தர அழுத்தம். வலப்பக்கம் விரிந்திருந்தால் தொந்தரவு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. விரியவில்லை என்றால் மூட அவசரமில்லை; ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ போதும்.

பள்ளிக் குழு கேட்ட சத்தம் ஓட்டையிலிருந்து வருவதல்ல. கூடுதல் ரத்தம் நுரையீரல் வால்வு வழியாக நெருக்கியடித்துப் போகும் சத்தம் அது. இரண்டாம் இதய ஒலி (‘லப்-டப்’பில் வரும் ‘டப்’) இரண்டாகப் பிளந்து, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்த இடைவெளி மாறாமல் கேட்கும். ஸ்டெதாஸ்கோப்பில் இதைப் பிடித்த அந்த மருத்துவரைப் பாராட்ட வேண்டும்.

இனி டிவைஸ். ஏ.எஸ்.டி.யில் நாலில் மூன்று பங்கு சுவரின் நடுவில் வரும் ‘செகண்டம்’ வகை. டிவைஸ் வைக்க முடிவது இதற்கு மட்டும். ஓட்டையைச் சுற்றிச் சுமார் 5 மி.மீ. ஓரம் வேண்டும், டிவைஸ் பிடித்து நிற்பது அந்த ஓரத்தில்தான். பல்மோனரி வெயின் (நுரையீரலிலிருந்து வரும் சிரை), வால்வுகள், மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள், மகாதமனி என்று எல்லாப் பக்கத்து ஓரத்தையும் அளப்பார்கள். மகாதமனிப் பக்கம் ஓரம் குறைந்தாலும் பல நேரம் வைக்கிறார்கள், ஆனால் கவனமாக. 15 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் வேலை சுலபம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

டிவைஸ் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த நைட்டினால் கம்பியால் பின்னிய இரண்டு வட்டத் தட்டுகள். நடுவில் குட்டையான இடுப்பு. இழுத்தால் நூலாக நீண்டு குழாய்க்குள் அடங்கும், விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, உணவுக்குழாய் வழியே எக்கோ கருவியை இறக்குவார்கள். வலது தொடை இடுக்கில் சிரைக்குள் குழாய் போகும். அது கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு ஏறி, ஓட்டையைத் தாண்டி இடது மேலறைக்குள் நுழையும். தேவைப்பட்டால் பலூன் வைத்து ஓட்டையை அளப்பார்கள். முதலில் இடப்பக்கத் தட்டை விரித்துச் சுவரோடு ஒட்டும்படி பின்னுக்கு இழுப்பார்கள். அடுத்து இடுப்பு, பிறகு வலப்பக்கத் தட்டு. அப்புறம் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார்கள். நகரவில்லை, வால்வை இடிக்கவில்லை, ரத்தம் கசியவில்லை என்று எக்கோவில் உறுதியான பிறகே, டிவைஸைப் பிடித்திருக்கும் கம்பியின் திருகைக் கழற்றி அதை விடுவிப்பார்கள். அதுவரை எந்த நொடியிலும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மொத்தம் ஒரு மணி நேரம் முன்பின் ஆகும்.

அன்று 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பிள்ளையை அசையாமல் வைத்திருப்பதுதான் பெற்றோருக்கு உண்மையான சோதனை. கதை, செல்போன் எதுவானாலும் தயாராக வைத்திருங்கள். மறுநாள் எக்கோ எடுத்து, பெரும்பாலும் அன்றோ அடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிவைஸ் கழன்று நகர்வது அபூர்வம். நடந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கும். அதனால்தான் மறுநாள் எக்கோ. குழாய் வழியாகவோ ஆபரேஷன் செய்தோ எடுத்துவிடுவார்கள். துடிப்பு ஒழுங்கு சில நாள் மாறலாம். டிவைஸின் ஓரம் இதயச் சுவரை உரசி அரிப்பது மிக மிக அபூர்வம், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வரலாம். நெஞ்சுவலி, திடீர் மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அன்றே எக்கோ எடுக்க வேண்டும். ‘கேஸாக இருக்கும்’ என்று விடக்கூடாது. பிள்ளைக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா? நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். முன்பே சொல்லிவிடுங்கள்.

டிவைஸின் மேல் இதயத்தின் சொந்தத் தோல் படர 3 முதல் 6 மாதம் ஆகும். அதுவரை ரத்தம் அதில் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி.; உங்கள் மகளின் எடைக்குப் பொதுவாக 75 மி.கி. மாத்திரை தினம் ஒன்று வரும். அளவை மருத்துவரே எழுதட்டும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன் வேண்டாம். இந்த 6 மாதத்தில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டுவதோடு நிற்காமல் அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அம்மையும் ஃப்ளூ காய்ச்சலும் இருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். நிறுத்துவதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் சொல்வார். மாத்திரை சாப்பிடும் காலத்தில் சின்னம்மைத் தடுப்பூசியையும் தள்ளிப்போட வேண்டும். ஒரு மாதம் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம், கபடி போல இடித்து விளையாடுவதை மருத்துவர் சரி சொன்ன பிறகு தொடங்கலாம். அடுத்த எக்கோ 1, 6, 12 மாதங்களில். பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை.

செலவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். முன் அனுமதி வந்த பிறகே அட்மிஷன் போடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது வீண் அலைச்சல். டிவைஸின் விலை முழுதும் அடங்குமா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். பள்ளிக் குழு கொடுத்த பரிந்துரைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அரசு மருத்துவமனை வழியாகப் போவதற்கு அது உதவும்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. டிவைஸ் சரிவராது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்தான் என்கிறார்கள். ‘சைனஸ் வீனோசஸ்’ என்று எழுதியிருக்கிறது. பணத்துக்காகச் சொல்கிறார்களோ என்று சந்தேகம்.
– வாசகர், திருப்பூர்

சந்தேகம் வேண்டாம், சொன்னது சரி. இந்த வகை ஓட்டை சுவரின் நடுவில் இல்லை. மேல்பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில் இருக்கிறது. மேல்பக்கம் டிவைஸ் பிடிக்க ஓரமே கிடையாது. அதோடு வலது நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குப் போக வேண்டிய சிரைகள் பெரும்பாலும் இடம் மாறி வலப்பக்கம் வந்து சேரும். ஓட்டையை அடைப்பதோடு அந்தச் சிரைகளையும் இடப்பக்கம் திருப்பிவிட வேண்டும். சாதாரண எக்கோவில் இது அடிக்கடி தப்பிப்போகும். வலப்பக்கம் விரிந்திருந்தும் ஓட்டை கண்ணில் படவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். பெரியவர்களில் பொருத்தமான சிலருக்கு உறை போட்ட ஸ்டென்ட் (கம்பி வலைக் குழாய்) வைத்துச் சரிசெய்வது சென்னையிலும் நடக்கிறது. வளரும் பிள்ளைக்கு ஆபரேஷன்தான். கீழ்ப்பக்க ‘பிரைமம்’ வகைக்கும் அப்படியே. அதில் மைட்ரல் வால்வில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு) பிளவும் இருக்கும், அதையும் தைப்பார்கள்.

பயமாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து உலகில் வெற்றிகரமாக நடந்த முதல் ஆபரேஷனே ஏ.எஸ்.டி.க்குத்தான். 1953 மே 6, ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், 18 வயதுப் பெண்ணுக்குச் செய்தார். இதய அறுவை சிகிச்சைகளில் இன்று மிகப் பாதுகாப்பானவற்றில் இது ஒன்று. இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதை மட்டும் கவனியுங்கள். நெஞ்செலும்பு சேர 6 முதல் 8 வாரம். அதுவரை பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை முதுகிலும் ஒரு கை பிட்டத்தின் அடியிலும் வைத்துத் தூக்குங்கள். புத்தகப் பை, சைக்கிள் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, படுத்தால் கூடும் நெஞ்சுவலி வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வரக்கூடாது. இதய உறைக்குள் நீர் கோத்திருக்கலாம். எக்கோ எடுத்தால் ஒரே நிமிடத்தில் தெரியும். வீட்டுக்கு நல்லபடியாக வந்த பிள்ளை திரும்பச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: எனக்கு வயது 46. நாலு வருடமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். இப்போது படபடப்பும் சேர்ந்து, எக்கோவில் 22 மி.மீ. ஏ.எஸ்.டி. என்கிறார்கள். இவ்வளவு நாள் எங்கே இருந்தது இது? இனி மூடிப் பயன் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பிறந்ததிலிருந்தே இருந்தது. 40-க்கு மேல் ரத்த அழுத்தம், சர்க்கரை, வயது எல்லாம் சேர்ந்து இடது கீழறையை விறைக்கச் செய்யும். அது விரிய மறுக்க, ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்வது கூடும். ஓட்டை பெரிதாகாமலே தொந்தரவு பெரிதாகும்.

பயன் உண்டு. ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தமும் எதிர்ப்பும். எக்கோவில் அதிகம் என்று தோன்றினால் கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் அறை) குழாய் விட்டு நேராக அளக்க வேண்டும். எதிர்ப்பு 3 உட் யூனிட்டுக்கு (எதிர்ப்பை அளக்கும் அலகு) குறைவு என்றால் தயக்கமில்லை. 3 முதல் 5 வரை யோசித்துச் செய்வது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் மருந்து, பிறகு மறு அளவீடு. அழுத்தம் முற்றி ரத்தம் வலமிருந்து இடமாகத் திரும்பி, விரல் நுனியில் ஆக்சிஜன் குறைய ஆரம்பித்துவிட்டால் மூடவே கூடாது. அந்த நிலைக்கு ஐசன்மெங்கர் என்று பெயர். அப்போது வலது கீழறைக்கு இருக்கும் ஒரே வடிகால் அந்த ஓட்டைதான். அடைத்தால் உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது, உங்கள் இடது கீழறையின் விறைப்பு. ஓட்டையைத் திடீரென்று மூடினால் ரத்தம் முழுதும் இடப்பக்கம் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கலாம். பலூன் வைத்துத் தற்காலிகமாக அடைத்து அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். ரத்த அழுத்தத்தை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

படபடப்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடத்துத் துடிப்பது) இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். ஓட்டையை மூடியதும் அது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை தொடர வேண்டியிருக்கும், இல்லையென்றால் பக்கவாதம் வரலாம். மூச்சிரைப்பு பெரும்பாலும் குறையும். வலப்பக்கமும் சில மாதங்களில் சுருங்கும். உங்கள் வயதில் மூடுபவர்களுக்கு நாங்கள் சொல்வது: 20 வயதில் மூடியவர் பெறும் முழு பலன் கிடைக்காது, ஆனால் மூடாமல் விடுவதைவிட நிச்சயம் நல்லது.

கேள்வி: 12 வயதில் டிவைஸ் வைத்தார்கள். இப்போது எனக்கு 24, வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? குழந்தைக்கும் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சமீபத்திய எக்கோவில் கசிவு இல்லை, நுரையீரல் அழுத்தம் சரி என்றால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். பிரசவமும் சாதாரணமாகவே நடக்கலாம், ஏ.எஸ்.டி. இருந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் வேண்டியதில்லை. புதிதாக டிவைஸ் வைத்தவர்கள் 6 மாதம் தள்ளிப்போட வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நுரையீரல் அழுத்தம் முற்றியவர்களுக்கு மட்டும் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. அவர்கள் கர்ப்பம் தரிக்கவே கூடாது.

குழந்தைக்கு ஏதாவது இதயக் கோளாறு வர 100-க்கு 3 முதல் 10 வரை வாய்ப்பு. 18 முதல் 22 வாரத்தில் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுங்கள். தேனி வாசகிக்குச் சொன்னதுபோல ஏ.எஸ்.டி.யை அது காட்டாது. பிறந்த பிறகும் ஒரு எக்கோ தேவை. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இதே ஓட்டை இருந்தாலோ, கட்டைவிரலும் முன்கையும் வளர்ச்சி குறைந்து இருந்தாலோ மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஹோல்ட்-ஓரம் என்ற பரம்பரைக் கோளாறில் இரண்டும் சேர்ந்து வரும். பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எங்களைக் கேட்டால் சொல்லிவிடுங்கள் என்போம். பிரசவ வார்டில் டிவைஸ் கார்டை (டிவைஸ் விவரம் எழுதி மருத்துவமனை தரும் அட்டை) ஒளித்து வைக்கும் நிலை வரக்கூடாது.

ஒரு வரிக் கேள்விகள்

டிவைஸ் வைத்தவர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? எடுக்கலாம். டிவைஸ் கார்டைக் காட்டுங்கள். எத்தனை டெஸ்லா (எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை) வரை சரி என்பது அதில் இருக்கும்.

விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் அலறுமா? பொதுவாக அலறாது.

பல் பிடுங்க வேண்டும். டிவைஸ் அல்லது ஒட்டு வைத்து 6 மாதம் ஆகவில்லை என்றாலோ, அதன் ஓரத்தில் கசிவு இருந்தாலோ முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதற்குப் பிறகு தேவையில்லை. சாதாரணமாகப் பல் தேய்ப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் விட வேண்டாம்.

காது குத்தலாமா? டிவைஸ் வைப்பதற்கு முன்பே குத்திவிடுங்கள், அல்லது ஆஸ்பிரின் முடிந்த பிறகு.

ஓட்டை மூடாத நிலையில் ட்ரிப்ஸ் போடும்போது ஏதாவது கவனம் உண்டா? உண்டு, பலர் மறப்பது இது. குழாயில் காற்றுக்குமிழி ஒன்றும் இருக்கக் கூடாது. இருமும்போதும் முக்கும்போதும் ஓட்டை வழியே ரத்தம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் போகும். குமிழி அப்போது மூளைக்குப் போய்விடலாம். நர்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள்.